உட்கரு உள்ள உயிர்கள்: காளானும் அமீபாவும் நாமும் ஒரே கூட்டம்

உயிரினங்களை இரண்டே பிரிவாகப் பிரிக்கச் சொன்னால் பெரும்பாலோர் யோசிக்காமல் தாவரம், விலங்கு என்று சொல்லிவிடுவார்கள். கண்ணால் பார்ப்பதை வைத்துச் சொன்னால் அது சரியாகத்தான் படும். ஒன்று வேர் விட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது, இன்னொன்று ஓடுகிறது. ஆனால் செல்லுக்குள் எட்டிப் பார்த்தால் கதையே மாறிவிடும். ஆலமரத்தின் செல்லும் யானையின் செல்லும் உள்ளே ஏறக்குறைய ஒரே உறுப்புகளை வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி டி.என்.ஏவைச் சுருட்டி வைத்து, ஒரே முறையில் இரண்டாகப் பிரிகின்றன. உயிருலகத்தின் பெரிய பிளவு, டி.என்.ஏவைத் தனி உறைக்குள், அதாவது உட்கருவுக்குள் வைத்திருக்கும் செல்களுக்கும் அப்படி வைக்காத செல்களுக்கும் நடுவில் இருக்கிறது.

முதல் வகைக்கு யூகேரியோட் என்று பெயர், மெய்க்கருவுயிரி என்றும் படித்திருப்பீர்கள். விலங்கு, தாவரம், பூஞ்சை, அமீபா, மலேரியாக் கிருமி, பெரிய கடல்பாசிகள் எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது வகையில் பாக்டீரியாவும், பார்க்க அதைப் போலவே இருந்தாலும் வேதியியலில் வெகுவாக வேறுபடும் ஆர்க்கியாவும் வரும். இவை இரண்டையும் சேர்த்துப் புரோகேரியோட் என்பார்கள். பள்ளியில் இதை இரண்டு பத்தி அட்டவணையாகப் போட்டு, உட்கரு உண்டு, உட்கரு இல்லை என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். அந்த அட்டவணையில் தப்பில்லை. ஆனால் இந்த வித்தியாசம் எப்படி வந்தது, வந்ததால் என்ன ஆனது என்று அது சொல்லாது, என்னைக் கேட்டால் இந்தத் துறையின் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 500 பேர் வரிசையாக நிற்கலாம். விலங்கு செல் ஒன்று பொதுவாக 10 முதல் 20 மைக்ரோமீட்டர் இருக்கும். பத்து மடங்குதானே என்று நினைக்க வேண்டாம், குறுக்களவு பத்து மடங்கு கூடினால் கொள்ளளவு ஆயிரம் மடங்கு கூடும். ஈ. கோலையின் டி.என்.ஏவில் சுமார் 46 லட்சம் எழுத்துகள், நம்முடையதில் ஒரு தொகுதிக்கே 300 கோடிக்கு மேல், அதிலும் நம் செல்லில் இரண்டு தொகுதிகள். ஒரு செல்லில் இருக்கும் மொத்த டி.என்.ஏவையும் நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும், அது முழுவதும் 6 மைக்ரோமீட்டர் அளவுள்ள உட்கருவுக்குள் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிச் சுற்றி அடைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் அளவை வைத்து மட்டும் இனம் பிரிக்க முடியாது. ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற கடல் பச்சைப்பாசி முழு யூகேரியோட், உட்கரு, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகம் எல்லாம் உண்டு, ஆனாலும் அதன் குறுக்களவு சுமார் 0.8 மைக்ரோமீட்டர்தான், ஈ. கோலையை விடச் சின்னது. மறுபக்கம், கரீபியன் கடலின் குவாதலூப் தீவில் சதுப்புநிலத்தில் கிடைத்து 2022இல் அறிவிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மேக்னிஃபிகா ஒரு பாக்டீரியா, அது ஒரு சென்டிமீட்டர் நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும். உயிரியலில் விதி சொல்லத் தொடங்கினால் விதிவிலக்கும் கூடவே வந்து நிற்கும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, உட்கரு. 1831இல் ராபர்ட் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ஆர்க்கிட் செடியின் மேல்தோலை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒவ்வொரு செல்லிலும் ஒரு மங்கலான வட்டம் இருப்பதைக் கவனித்து அதற்குப் பெயர் வைத்தார். அதற்கு முன்பும் சிலர் அதைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் எல்லாச் செல்லிலும் வருகிற ஒரு முக்கியமான பொருள் என்று எடுத்துச் சொன்னது அவர்தான். அது என்ன வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தெளிவாகக் காட்டிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1930களில் யோவாக்கிம் ஹாம்மர்லிங் என்ற ஜெர்மானியர் செய்தது.

அவர் எடுத்துக்கொண்டது அசிட்டபுலேரியா என்ற கடல்பாசி. பச்சை நிறத்தில் மெல்லிய காம்பு, மேலே குடை போல ஒரு தொப்பி, கீழே பாறையைப் பிடித்துக்கொள்ளும் வேர் போன்ற அடிப்பகுதி, மொத்தம் சில சென்டிமீட்டர் உயரம், சில சமயம் 10 சென்டிமீட்டர் வரை. பார்த்தால் சின்னச் செடி என்றுதான் நினைப்போம், ஆனால் அது முழுவதும் ஒரே ஒரு செல். அதன் ஒரே உட்கரு அடிப்பகுதியில் இருக்கிறது. இவ்வளவு பெரிய செல் என்பதால் கத்தரியை வைத்தே அறுவை செய்யலாம். ஹாம்மர்லிங் தொப்பியை வெட்டினார், மறுபடி வளர்ந்தது. அப்புறம் இரண்டு இனங்களை எடுத்துக்கொண்டார், ஒன்றின் தொப்பி வழவழப்பான விளிம்புள்ள வட்டம், மற்றதன் தொப்பி விரல் விரலாகப் பிரிந்தது. ஒன்றின் காம்பை வெட்டி மற்றதன் அடிப்பகுதியில் ஒட்ட வைத்தார். முதலில் வளர்ந்த தொப்பி சில நேரம் இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவத்தில் வந்தது. அதையும் வெட்டிவிட்டார். அடுத்து வந்தது அச்சு அசலாக அடிப்பகுதியின் இனத்துத் தொப்பி. காம்பு யாருடையதாக இருந்தாலும் உருவத்தைத் தீர்மானித்தது அடியில் இருந்த உட்கரு. அந்த இடைப்பட்ட தொப்பியும் முக்கியமானது. உட்கருவிலிருந்து கிளம்பிய ஏதோ ஒரு செய்தி காம்பில் மிச்சம் இருந்திருக்கிறது, அது தீர்ந்த பிறகுதான் புது உட்கருவின் கட்டளை முழுதாகச் செல்லுபடியானது. அந்தச் செய்திதான் மரபணுவின் நகலான செய்தி ஆர்.என்.ஏ என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது.

இந்தச் செய்தி ஆர்.என்.ஏவில்தான் உட்கரு இருப்பதன் உண்மையான விளைவு தெரிகிறது. பாக்டீரியாவில் டி.என்.ஏ செல்லுக்குள் திறந்தவெளியில் கிடக்கிறது. மரபணுவைப் படித்து ஆர்.என்.ஏ உருவாகிக்கொண்டிருக்கும்போதே, அது முடிவதற்குள் ரைபோசோம்கள் அதன் மேல் ஏறிப் புரதம் செய்ய ஆரம்பித்துவிடும். வேகம்தான் அங்கே முக்கியம், ஈ. கோலை வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகிவிடும். யூகேரியோட்டில் அப்படிச் செய்ய வழியில்லை. மூலப்பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு வெளியே நகலை மட்டும் கொடுப்பது போல, டி.என்.ஏ உட்கருவை விட்டு வெளியே வராது, அதன் ஆர்.என்.ஏ நகல் மட்டும் உட்கரு உறையிலுள்ள துளைகள் வழியாக வெளியேறி ரைபோசோமுக்குப் போகும். இதனால் நேரம் போகிறதுதான், ஆனால் அந்த இடைவேளையில் நகலைத் திருத்த வாய்ப்புக் கிடைக்கிறது.

அந்தத் திருத்தம் சாதாரணமானதல்ல. 1977இல் ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் தனித்தனியாக ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தன (1993இல் நோபல் பரிசு வாங்கியதும் இதற்குத்தான்): யூகேரியோட் மரபணு தொடர்ச்சியாக எழுதப்பட்டிருப்பதில்லை, இடையிடையே புரதத்துக்குத் தேவைப்படாத நீளமான பகுதிகள் வருகின்றன, அவற்றுக்கு இன்ட்ரான் என்று பெயர். உட்கருவுக்குள்ளேயே ஆர்.என்.ஏவிலிருந்து இன்ட்ரான்களை வெட்டியெறிந்து மீதியை ஒட்ட வேண்டும். எதை வைப்பது எதை வெட்டுவது என்பதை மாற்றினால் ஒரே மரபணுவிலிருந்து பல வகைப் புரதங்கள் கிடைக்கும். நம்மிடம் புரதத்துக்கான மரபணுக்கள் சுமார் 20,000தான் இருக்கின்றன, அதை வைத்துக்கொண்டு தோல், மூளை, கண் என்று இத்தனை வகைச் செல்களை உருவாக்க முடிவதற்கு இந்த வெட்டு ஒட்டு வேலையும் ஒரு காரணம்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம், மனிதச் சிவப்பணுவில் உட்கரு இல்லையே, அப்படியானால் அது யூகேரியோட் இல்லையா? அதுவும் யூகேரியோட் செல்தான். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது உட்கரு இருந்தது, ரத்தத்துக்கு வரும் சமயத்தில் அதை வெளியே தள்ளிவிட்டு ஹீமோகுளோபினுக்கு இடம் ஒதுக்கிக்கொள்கிறது. பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு அப்படியே இருக்கும். இல்லாமல் பிறந்தது வேறு, இருந்து இழந்தது வேறு.

உட்கரு தவிர யூகேரியோட் செல்லுக்குள் வேறு என்னென்ன இருக்கின்றன? எண்டோபிளாச வலைப்பின்னல் புரதங்களைத் தயாரித்து மடித்துத் தருகிறது, கோல்கை உறுப்பு அவற்றைப் பிரித்து அனுப்புகிறது, லைசோசோம் பழையவற்றைச் செரிக்கிறது. இந்தப் பெயர்களை ஒரே நாளில் மனதில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன், அது செல்லின் எலும்புக்கூடு. ஆக்டின், டியூபுலின் என்ற புரதங்களால் ஆன நாரும் குழாயும் செல் முழுக்கப் பரவியிருக்கின்றன, இவை ஒரு பக்கம் கட்டப்பட்டு இன்னொரு பக்கம் கலைந்துகொண்டே இருக்கும். அமீபா உடலை நீட்டி நகர்வதும், நம் வெள்ளணு கிருமியை வளைத்து விழுங்குவதும், செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுப்பதும் இவைதான். பாக்டீரியாவிடம் இவற்றின் தூரத்து உறவுப் புரதங்கள் உண்டு, ஆனால் இன்னொரு செல்லை முழுதாக விழுங்கும் அளவுக்கு உடலை வளைத்து ஆட அநேகமாக எந்தப் பாக்டீரியாவாலும் முடியாது.

மூச்சுக்குழாயின் உள்பக்கம் தூசியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்ணிய இழைகள் இருக்கின்றன, சிலியா என்பார்கள். அதில் ஒன்றைக் குறுக்காக வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரத்தில் வட்டமாக ஒன்பது ஜோடிக் குழாய்கள், நடுவில் இரண்டு குழாய்கள் தெரியும். குட்டைத் தண்ணீரில் நீந்தும் பரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரின் சிலியாவை வெட்டினாலும் அதே ஒன்பதும் இரண்டும். மனித விந்தணுவின் வால், பெரணியின் விந்தணு, குட்டையில் நீந்தும் கிளமைடோமோனாஸ் பாசியின் கசையிழை, எங்கே வெட்டினாலும் அதே அமைப்பு. எல்லோருக்கும் பொதுவான மூதாதைச் செல் ஒன்றிடம் இது இருந்திருக்கிறது, நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு கிளையும் அதை அப்படியே கொண்டுவந்திருக்கிறது என்பதைத் தவிர இதற்கு நல்ல விளக்கம் கிடையாது. இதனால் மருத்துவத்துக்கும் பலன் உண்டு. கிளமைடோமோனாஸ் பாசியில் கசையிழை வளரத் தேவையான ஒரு மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், அதற்கு இணையான மரபணு எலியில் பழுதானால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வருகின்றன என்பதை 2000இல் எடுத்துக் காட்டினார்கள். சிறுநீரகச் செல்களிலும் ஆளுக்கொரு சிலியா நீட்டிக்கொண்டிருக்கிறது, அது கெட்டால் நோய் வருகிறது என்ற புரிதல் குட்டைப் பாசி வழியாகத்தான் பலப்பட்டது.

இப்போது மைட்டோகாண்ட்ரியா. செல்லின் ஆற்றல் நிலையம் என்று எல்லோரும் படித்திருப்போம், அதோடு நிறுத்திக்கொள்வது இதற்குச் செய்யும் அநியாயம். ஏனென்றால் அது ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா.

இப்படிச் சொன்னால் இன்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். 1967இல் அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் இதை எழுதியபோது (அப்போது அவர் பெயர் லின் சேகன்) நிலைமை வேறு, சுமார் 15 இதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகுதான் அந்தக் கட்டுரை அச்சேறியது. கருத்து அவரோடு பிறந்ததும் அல்ல, பசுங்கணிகங்கள் பற்றி ரஷ்யாவின் மெரெஷ்கோவ்ஸ்கி 1905லேயே இதைச் சொல்லியிருந்தார், ஆனால் யாரும் காது கொடுக்கவில்லை. மார்குலிஸ் சிதறிக் கிடந்த ஆதாரங்களை ஒன்றாகக் கோர்த்து, விடாமல் வாதாடினார். கசையிழையும் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது என்று அவர் சொன்ன இன்னொரு பகுதிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, அதை இன்று ஏற்பதில்லை. மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் இரண்டிலும் அவர் சொன்னது நின்றுவிட்டது.

ஆதாரம் என்ன என்று கேட்பது நியாயம். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக டி.என்.ஏ இருக்கிறது, நம் உடலில் அது பாக்டீரியாவுடையதைப் போலவே வளையமாக, 16,569 எழுத்துகளோடு, 37 மரபணுக்களோடு இருக்கிறது. சொந்த ரைபோசோம்களும் உண்டு, அவை செல்லின் மற்ற ரைபோசோம்களை விட பாக்டீரியாவின் ரைபோசோம்களையே அதிகம் ஒத்திருக்கின்றன. சுற்றிலும் இரட்டைச் சவ்வு. செல்லால் புதிதாக ஒரு மைட்டோகாண்ட்ரியாவை உருவாக்கவே முடியாது, இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இரண்டாகப் பிரிந்தால்தான் உண்டு. நம் ஒவ்வொருவரின் மைட்டோகாண்ட்ரியாவும் தாயின் கருமுட்டையிலிருந்து வந்தவை. 1970களில் தொடங்கி ஆர்.என்.ஏ, டி.என்.ஏ வரிசைகளை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தபோது மைட்டோகாண்ட்ரியா ஆல்ஃபாபுரோட்டியோபாக்டீரியா என்ற கூட்டத்தின் பக்கத்திலும், பசுங்கணிகம் ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா பக்கத்திலும் போய் உட்கார்ந்தன. அதற்கப்புறம் வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது மரபணுக்கள் இடம் மாறிய விதம். நம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வேலை செய்யும் புரதங்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும், அவற்றில் உள்ளேயே தயாராவது 13 மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் மரபணு உட்கருவில் இருக்கிறது, புரதம் வெளியே தயாராகி முகவரியோடு உள்ளே அனுப்பப்படுகிறது. உள்ளே வந்த பாக்டீரியாவின் மரபணுக்களில் பல தொலைந்தன, பல உட்கருவின் டி.என்.ஏவோடு கலந்துவிட்டன. ஆகவே நம் உட்கருவே ஒரு கலவை, அதில் ஒரு பங்கு பாக்டீரியாவிடமிருந்து வந்தது.

சரி, பாக்டீரியா உள்ளே போனது என்றால் யாருக்குள் போனது? இதற்கான பதில் கடலடியிலிருந்து வந்தது. 1977இல் கார்ல் வூஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் ஆர்க்கியாவைத் தனிக் கூட்டமாகப் பிரித்துக் காட்டினார்கள், நம் உட்கரு டி.என்.ஏவைப் படியெடுக்கும் இயந்திரங்கள் பாக்டீரியாவை விட ஆர்க்கியாவின் இயந்திரங்களோடுதான் அதிகம் ஒத்துப்போகின்றன என்பது அதன் பிறகு தெளிவானது. 2015இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் தைஸ் எட்டமாவின் குழு, ஆர்க்டிக் கடலில் 3,000 மீட்டருக்கும் கீழே லோகியின் கோட்டை என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதிக்கு அருகே எடுத்த சேற்றிலிருந்து ஒரு புது ஆர்க்கியாவின் டி.என்.ஏவை அறிவித்தது. ஆக்டின் போன்ற புரதம், சவ்வை வளைக்கும் புரதங்கள் என்று யூகேரியோட்டுக்கே உரியவை என நினைத்திருந்த பல மரபணுக்கள் அதில் இருந்தன. இந்தக் கூட்டத்துக்கு இப்போது அஸ்கார்ட் ஆர்க்கியா என்று பெயர், நம் உட்கருவின் நெருங்கிய உறவினர் இவைதான்.

அந்தச் செல்லை யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை, கையில் இருந்தது டி.என்.ஏ மட்டும்தான். ஜப்பானில் ஹிரோயுகி இமாச்சியின் குழு வேறொரு வழியில் போய்க்கொண்டிருந்தது. 2006இல் ஜப்பானுக்கு அருகே சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் எடுத்த சேற்றை மீத்தேன் ஊட்டி வளர்த்து, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்து, மொத்தம் 12 ஆண்டுகள் உழைத்து ஒரு அஸ்கார்ட் ஆர்க்கியாவை ஆய்வகத்தில் வளர்த்துவிட்டார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வில் இருக்கும் செல் அரை மைக்ரோமீட்டரை ஒட்டிய சின்ன உருண்டை, இரண்டாகப் பெருக 14 முதல் 25 நாள் எடுத்துக்கொள்கிறது. தனியாக வாழாது, தான் கழிக்கும் ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் இன்னொரு நுண்ணுயிர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். உட்கரு இல்லை, உள்ளுறுப்புகளும் இல்லை. ஆனால் உடலிலிருந்து நீளமான கைகள் கிளைவிட்டு நீள்கின்றன. இப்படிப்பட்ட ஒன்று பக்கத்தில் இருந்த பாக்டீரியாவைக் கைகளால் சுற்றிச் சுற்றி மெல்ல உள்ளே கொண்டுவந்திருக்கலாம் என்பது இமாச்சி குழுவின் ஊகம். அமீபா கபளீகரம் செய்வது போல விழுங்கியிருக்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு இது வேறொரு வழியைக் காட்டியது.

முதலில் வந்தது உட்கருவா மைட்டோகாண்ட்ரியாவா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நிக் லேன், வில்லியம் மார்ட்டின் இருவரும் 2010இல் ஒரு வாதத்தை வைத்தார்கள்: பாக்டீரியா தன் மேல்சவ்வில்தான் ஆற்றலைத் தயாரிக்கிறது, உருவம் பெரிதானால் கொள்ளளவு கூடும் அளவுக்குப் பரப்பு கூடாது, ஆகவே மைட்டோகாண்ட்ரியா உள்ளே வந்து சவ்வுப் பரப்பைப் பெருக்கிய பிறகுதான் பெரிய மரபுத்தொகுதியும் சிக்கலான செல்லும் சாத்தியம். இந்தக் கணக்கை ஏற்காதவர்களும் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவே இல்லாத யூகேரியோட் ஒன்று கிடைத்தால் அது ஆதிகாலத்து மிச்சமாக இருக்கும் என்று ரொம்ப நாள் தேடினார்கள். 2016இல் மோனோசெர்கோமோனாய்டஸ் என்ற ஒற்றைச் செல் உயிரில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவடே இல்லை என்று தெரிந்தது, ஆனால் அதன் மூதாதையரிடம் இருந்து பிற்பாடு தொலைந்திருக்கிறது. இன்றைக்கு நாம் அறிந்த எல்லா யூகேரியோட்டுகளும் ஏற்கெனவே இந்த இணைப்பு முடிந்துவிட்ட ஒரே மூதாதையின் வழி வந்தவை. பாக்டீரியாவின் தடயங்கள் சுமார் 350 கோடி ஆண்டுகள் பழையவை, யூகேரியோட் புதைபடிவங்களோ 160 முதல் 180 கோடி ஆண்டுகளுக்கு முன்னால்தான் தட்டுப்படுகின்றன. பூமியின் ஆயுளில் பாதிக்கு மேல் உட்கரு என்ற ஒன்று இல்லாமலே கழிந்திருக்கிறது.

உள்ளே வாழ வந்து உறுப்பாகிப் போவது இன்றும் நடக்கிறது. 2024இல், பிராருடோஸ்ஃபேரா என்ற கடல்பாசிக்குள் வாழ்ந்துவந்த, காற்றின் நைட்ரஜனைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு பாக்டீரியா, பாசியோடு சேர்ந்தே பிரிகிறது, பாசி தயாரிக்கும் புரதங்களை வாங்கிக்கொள்கிறது, ஆகவே அது உறுப்பாகிவிட்டது என்று அறிவித்தார்கள். அதற்கு நைட்ரோபிளாஸ்ட் என்று பெயர். யூகேரியோட் ஒன்றுக்கு நைட்ரஜனைப் பிடித்துத் தரும் உறுப்பு இருப்பதாகத் தெரியவந்தது இதுவே முதல் முறை.

இந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், விலங்கு, தாவரம், பூஞ்சை மூன்றும் ஒரு பெரிய மரத்தின் சில கிளைகள் மட்டும்தான், மற்ற கிளைகளில் பெரும்பாலும் ஒற்றைச் செல் உயிர்கள். காளான் நமக்குத்தான் நெருங்கிய உறவு, செடிக்கு அல்ல. பூஞ்சைகள் நம்மைப் போல கிளைக்கோஜனைச் சேமிக்கின்றன, மரபணு ஒப்பீடும் அதையேதான் சொல்கிறது. கெல்ப் என்ற பெரிய பழுப்புக் கடல்பாசி காடு போல வளர்ந்தாலும் தாவரக் கிளையில் இல்லை, டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசிகளின் பக்கத்தில் இருக்கிறது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த ஃபைட்டோப்தோரா பார்க்கப் பூஞ்சை போலவே இருக்கும், ஆனால் அதுவும் இந்தக் கெல்ப் பக்கத்து ஆள்.

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் இன்னும் விசித்திரம். அதற்குள் நான்கு சவ்வுகள் சூழ்ந்த ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது, அது பசுங்கணிகத்தின் மிச்சம். ரத்தத்தில் வாழும் இந்தக் கிருமியின் மூதாதையர் எப்போதோ ஒரு பாசியை உள்ளே வைத்துக்கொண்டு ஒளிச்சேர்க்கை செய்தவர்கள். இப்போது அந்த உறுப்பு ஒளிச்சேர்க்கை செய்வதில்லை, ஆனால் சில முக்கியமான வேதிப்பொருள்களைத் தயாரிப்பதால் அது இல்லாமல் கிருமி பிழைக்காது. அதன் ரைபோசோம் பாக்டீரியா வகை என்பதால் பாக்டீரியாவுக்கான மருந்தான டாக்சிசைக்ளின் மலேரியாத் தடுப்புக்கும் பயன்படுகிறது. பரிணாம வரலாறு தெரிந்தால்தான் இந்த மருந்து ஏன் வேலை செய்கிறது என்றே புரியும்.

பூஞ்சை நோய்களுக்கு மருந்து கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கும் விடை இதே இடத்தில் கிடைக்கும். பாக்டீரியாவின் செல்சுவரும் ரைபோசோமும் நம்முடையவற்றிலிருந்து வேறுபடுவதால் அவற்றை மட்டும் குறிவைத்து அடிக்கலாம், பென்சிலின் செய்வது அதுதான். பூஞ்சையிடம் அப்படி வேறுபடும் இடங்கள் குறைவு, அதன் உட்கருவும் ரைபோசோமும் நம்முடையவற்றைப் போலவே இருக்கின்றன, பூஞ்சையைக் கொல்வது பல சமயம் நம் செல்லையும் பாதிக்கும். நம் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கும் இடத்தில் அதனிடம் எர்கோஸ்டிரால் இருக்கிறது, இன்று புழக்கத்தில் உள்ள பூஞ்சை மருந்துகளில் பெரும்பாலானவை இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் நம்பியிருக்கின்றன. மறுபக்கம், ஜென்டாமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு குறிப்பிட்ட மரபு மாற்றம் உள்ளவர்களின் காது கேட்கும் திறனைக் கெடுத்துவிடக்கூடும், அந்த மாற்றத்தால் அவர்களின் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம் இன்னும் கொஞ்சம் பாக்டீரியா சாயலில் இருப்பதே காரணம்.

நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள ஈஸ்ட் என்ற ஒற்றைச் செல் பூஞ்சையை ஏன் இவ்வளவு பேர் ஆராய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு 1987இல் நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். ஒரு வகை ஈஸ்ட்டில் செல் எப்போது பிரிய வேண்டும் என்று முடிவு செய்யும் மரபணு ஒன்று உண்டு, அது கெட்டால் செல் பிரியாது. பால் நர்ஸின் ஆய்வகத்தில் அப்படிக் கெட்டுப்போன ஈஸ்ட்டுக்குள் மனித மரபணுக்களைக் கலந்து செலுத்திப் பார்த்தார்கள். அதில் ஒரு மனித மரபணு பழுதை ஈடுகட்டிவிட்டது, ஈஸ்ட் வழக்கம்போலப் பிரியத் தொடங்கியது. நமக்கும் ஈஸ்ட்டுக்கும் வழி பிரிந்து ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகள் ஆன பிறகும் உதிரிபாகம் பொருந்துகிறது! புற்றுநோய் என்பது செல் பிரிவது கட்டுப்பாட்டை இழப்பதுதான் என்பதால் இதன் முக்கியத்துவம் உடனே புரிந்தது, 2001இல் நர்ஸ், லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்று புதுப்பிக்கும் முறையைக் கண்டறிந்த யோஷினோரி ஒசுமியும் ஈஸ்ட்டில்தான் வேலை செய்தார், 2016இல் அவருக்கும் நோபல்.

இதையெல்லாம் படித்தபின் ஒரு யூகேரியோட் செல்லை உயிரோடு பார்க்க ஆசை வந்தால் பரமீசியத்தில் ஆரம்பியுங்கள், சாதாரண மாணவர் நுண்ணோக்கியே போதும். தேங்கிய குட்டைத் தண்ணீரில், மட்கும் இலைகள் கிடக்கும் ஓரத்தில் ஒரு துளி எடுத்தால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. 100 மடங்கு பெருக்கத்தில், செருப்பின் அடிப்பாகம் போன்ற உருவத்தில் சுழன்று சுழன்று வேகமாக நீந்திப் போகும், ஓட்டத்தைத் தடுக்கத் துளியில் கொஞ்சம் பஞ்சிழை போட்டால் போதும். பெருக்கத்தை 400க்கு ஏற்றிப் பொறுமையாகப் பார்த்தால் இரண்டு முனைகளிலும் நட்சத்திரம் போலச் சுருங்கி விரியும் குமிழிகள் தெரியும், உள்ளே புகும் தண்ணீரை வெளியே இறைப்பவை அவை. காங்கோ சிவப்பு என்ற சாயம் ஏற்றிய ஈஸ்ட்டைத் துளியில் விட்டால் பரமீசியம் அதைத் தின்னும், தின்ற ஈஸ்ட் சிவப்பு உருண்டைகளாக உணவுக்குமிழிக்குள் சேரும். சில நிமிடங்களில் குமிழி உடலுக்குள் சுற்றி வரும்போதே அதற்குள் அமிலம் கூடி சிவப்பு நீலமாக மாறும், செரித்து முடியும் கட்டத்தில் அமிலம் குறைந்து மறுபடி சிவப்பாகும். உட்கரு மட்டும் சாயம் போடாமல் சரியாகத் தெரியாது, அதற்கு மெத்திலீன் நீலத்தை மிக மெலிதாகக் கரைத்து விட வேண்டும். அதிகமானால் செல் செத்துவிடும். பரமீசியத்துக்குப் பெரியதும் சிறியதுமாக குறைந்தது இரண்டு உட்கருக்கள் உண்டு, நடுவில் அவரை வித்து போலக் கருநீலமாகத் தெரிவது பெரியது, அதை ஒட்டினாற்போல் புள்ளியாக இருப்பது சிறியது.